சுமோ பார்க்கக் கூட்டிப்போன சனிக்கிழமை

என் அம்மா செத்துப்போன வாரத்தின் சனிக்கிழமை, நான் சான் ஹோசேயில் ஒரு பெரிய அரங்கத்தில் உட்கார்ந்து சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியாது. என் இடப்பக்கம் இருந்த கணவருக்குத் தெரியும். அவருக்கு அடுத்து இருந்த ஆன்ட்டிக்குத் தெரியும். ஆன்ட்டிக்கு அடுத்து, மடியில் பாப்கார்ன் டப்பாவோடு இருந்த அங்கிளுக்கும் தெரியும். அந்த வரிசையில் விஷயம் தெரியாதவர்கள் நானும், என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த முன்பின் பழக்கமில்லாத ஒரு ஜப்பானியப் பெண்மணியும்தான்.

இதை எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முதலில் வருகிறது. அழுகை அதற்குப் பின்னால் மெதுவாக வரும். இத்தனை வருடத்தில் இந்த வரிசை மாறவேயில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் குபெர்டினோவில் மாடியில் ஒரு சின்ன அபார்ட்மென்டில் இருந்தோம். கம்பெனிக் கட்டடங்களுக்கு நடுவே அங்கங்கே பழத்தோட்டங்கள் மிச்சமிருந்த காலம். கணவர் ஒரு சிப் கம்பெனியில் எஞ்சினியர். எனக்குக் கல்யாணமாகி அங்கே வந்து இரண்டாவது வருடம், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. எங்களுக்கு அங்கே சொந்தக்காரர்கள் என்று யாரும் இல்லை. ஆன்ட்டியும் அங்கிளும்தான் எல்லாம். பத்து நிமிட டிரைவில் சொந்த வீடு வைத்திருந்தார்கள். எந்த டாக்டரிடம் போவது, கறிவேப்பிலை எந்தக் கடையில் வரும், வின்டரில் குழந்தைக்கு எப்படித் தலை துவட்டுவது, எதுவானாலும் ஆன்ட்டியைக் கேட்டால் போதும். ஆன்ட்டி சொன்னால் எங்கள் சின்னத் தமிழ்க் கூட்டத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பிரசவத்துக்கு அம்மா வருவதாக இருந்தது. அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா சைதாப்பேட்டையில் அண்ணனோடு இருந்தாள். வாழ்நாளில் பெங்களூரைத் தாண்டாதவள். அவளுக்காக நான் ஒரு கம்பளித் தொப்பியும், உள்ளே பஞ்சு வைத்த செருப்பும் வாங்கி, ஹால் அலமாரியில் தனியாக வைத்திருந்தேன். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் கார்ப்பெட்டில் வழுக்கி வழுக்கி நடப்பதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டு மனிதர் யார் வெளியூரிலிருந்து வந்தாலும், ரயில் எந்த நேரத்துக்கு வந்தாலும், எழுந்து சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் படுப்பாள். ஹாஸ்டலிலிருந்து நான் விடியற்காலையில் வந்து இறங்கும்போது எப்போதாவது தூங்கிப்போயிருந்தால், ஏதோ திருடிவிட்டவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அசந்துட்டேன்டி" என்பாள்.

அந்த மாதத்தில் மூன்று வாரமாக எனக்கு அம்மாவோடு பேச முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர்தான் டயல் செய்வார். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "லைன் கிடைக்கல. எல்லா சர்க்யூட்டும் பிஸியாம்" என்று வைத்துவிடுவார். இந்தியாவுக்கு லைன் கிடைக்காதது அன்றைக்கு அதிசயமில்லை. நான் நம்பினேன். வீசா என்ன ஆயிற்று என்று கேட்டால், "கான்சுலேட்ல டிலே பண்றாங்க, வந்துடும்" என்பார். அதையும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, புருஷன் சொல்கிறார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். நேராக பாத்ரூமுக்குப் போனார். தலையோடு தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது தலை சொட்டிக்கொண்டிருந்தது. போட்டிருந்த சட்டை, பேன்ட் எல்லாம் டப்பில் ஊறிக்கொண்டிருந்தன.

"என்னங்க, இந்த நேரத்துல தலைக்குக் குளிச்சிருக்கீங்க?"

"கார்ல ஒரு பிராப்ளம். கிரீஸ் ஆயிடுச்சு."

கார் பானட்டை எப்படித் திறப்பது என்றே தெரியாத மனுஷன் அவர். நான் அதைச் சொல்லிக் கிண்டல்கூடச் செய்தேன். பதிலுக்கு அவர் சிரிக்கவில்லை. அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஆன்ட்டி தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தார். ரசம், பருப்புத் துவையல், எனக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் என்று டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தார். உட்கார்ந்து என் காலை அமுக்கிவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எனக்கு நடக்கவிருந்த வளைகாப்பு பற்றிக் கேட்டபோது, "ஹால் கிடைக்கலம்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். வளைகாப்பு அவர் வீட்டு ஹாலிலேயே நடப்பதாகத்தான் ஏற்பாடு. எனக்கு அது உறைக்கவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்கிறது.

வியாழக்கிழமை ஆன்ட்டி கிளம்பும்போது நான் வழக்கம்போலக் குங்குமச் சிமிழை நீட்டினேன். "கையெல்லாம் எண்ணெயா இருக்கும்மா, அப்புறம்" என்று ஷூவை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் நீட்டிய கையோடு நின்றேன். ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனோ என்று அன்றைக்குப் பூராவும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுமோவுக்கு டிக்கெட் கொண்டுவந்தது அங்கிள். அவர் கம்பெனி ஜப்பான்காரர்களோடு வியாபாரம் செய்தது. ஜப்பானிலிருந்து நிஜமான சுமோ வீரர்கள் வந்து சான் ஹோசேயில் விளையாடிக் காட்டப்போகிறார்கள், யாரோ கஸ்டமர் டிக்கெட் கொடுத்தார், சும்மா விடக் கூடாது என்றார். எனக்கு முதுகுவலி. ஒரு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார முடியுமா என்று பயம். அதைவிட, சனிக்கிழமை வீட்டில் இருந்தால் ஒரு தடவை நானே டயல் செய்து பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க போய்ட்டு வாங்க அங்கிள். நான் வீட்டுல இருக்கேன், அம்மாவுக்கு ட்ரை பண்ணணும்."

"அதெல்லாம் நாளைக்கு ட்ரை பண்ணிக்கலாம்மா. கொஞ்சம் வெளிய வா. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா பிள்ளைக்கு நல்லதில்ல."

பிறகுதான் புரிந்தது. சனிக்கிழமைதான் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் போன் செய்யும் நாள். சன்னிவேலிலும் சாண்டா கிளாராவிலும் விஷயம் பரவியிருந்தது. விவரம் தெரியாத யாராவது துக்கம் விசாரிக்க எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டால்? அதனால் என்னைப் போன் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வாரம் அப்படி ஓர் இடமாகக் கிடைத்தது சுமோ.

அரங்கத்தின் நடுவில் களிமண்ணை உயர்த்தி, மேலே வைக்கோல் பிரியால் வட்டம் கட்டியிருந்தார்கள். கூரையிலிருந்து கோயில் விமானம் மாதிரி ஒன்று கயிற்றில் தொங்கியது. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஜப்பானியக் குடும்பங்கள். வாசலில் கடைகள் போட்டிருந்தார்கள். ஒரு கடையில் மடக்கு விசிறிகள் இருந்தன. நீலத் துணியில் வெள்ளை நாரை போட்ட ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

"இது அம்மாவுக்கு வாங்கிக்கலாமா? பிளேன்ல இறங்கி வந்ததும் குடுத்தா சந்தோஷப்படுவா. எப்பவும் வேர்க்குது வேர்க்குதுன்னுவா."

கணவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். ஆன்ட்டி சட்டென்று அடுத்த கடைப்பக்கம் திரும்பிப் பொம்மைகளைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கிள்தான், "வாங்கிக்கோ, வாங்கிக்கோ" என்று முந்திக்கொண்டு பர்ஸை எடுத்தார். செத்தவளுக்கு விசிறி வாங்க மூன்று பேர் கூட நின்றார்கள். ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றதற்கெல்லாம் ஏதோ காரணம் சொல்லலாம்.

வீரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு அரிசி மூட்டையை நிறுத்திவைத்த மாதிரி. இடுப்பில் தடித்த துணிப்பட்டை, அவ்வளவுதான். ஆன்ட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஐயையோ, வெறும் கோவணத்தோட வந்துட்டாங்களே" என்றார். அங்கிள், "கண்ண மூடிக்கோ, நான் கமென்டரி குடுக்கறேன்" என்றார். நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள். நான் சிரித்தால்தான் அவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அது எனக்குப் பாசமாகத் தெரிந்தது.

முதலில் கேலிக் குஸ்தி ஒன்று வைத்தார்கள். இரண்டு பேர், செய்யக் கூடாததையெல்லாம் செய்துகாட்டினார்கள். ஒருவன் மற்றவன் முகத்தில் தண்ணீரைத் துப்பினான். மற்றவன் இவன் பின்புறத்தில் ஒரு உதை விட்டான். நடுவரையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயிறு குலுங்கக் குலுங்க உள்ளே பிள்ளை உதைத்தது. அம்மா வந்ததும் இதைச் சொல்ல வேண்டும், எழுந்து நடித்தே காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் கணவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்துச் சிரித்துத்தான் துடைக்கிறார் என்று எண்ணி, அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

பிறகு நிஜக் குஸ்தி. அது தொடங்குவதற்குத்தான் நேரமாகும். தொடங்கினால் கண் மூடித் திறப்பதற்குள் ஒருவன் வட்டத்துக்கு வெளியே கிடப்பான். அதற்கு முன்னால் இருவரும் மூலையில் இருக்கும் கூடையிலிருந்து உப்பை அள்ளி அள்ளி வீசுகிறார்கள். உட்காருகிறார்கள், முறைக்கிறார்கள், எழுந்து போய் மறுபடியும் உப்பு. ஒருவன் இரண்டு கை நிறைய அள்ளி மேலே விட்டெறிந்தான். விளக்கு வெளிச்சத்தில் அது உதிர்ந்தது.

"நம்ம வீட்டுல திருஷ்டி சுத்திப் போடுற மாதிரி இல்ல?" என்றேன் கணவரிடம்.

"ஆமா."

என் வலப்பக்கத்துப் பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவராம். சின்ன வயதில் அப்பாவோடு செர்ரித் தோட்டத்தில் வேலை செய்தவராம். என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று விசாரித்தார். தன் பையிலிருந்து ஒரு சின்னத் தலையணையை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். நான் உப்பைக் காட்டி, எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த இடத்தைச் சுத்தம் செய்வதற்கு என்றார். குஸ்திக்கு மட்டுமில்லையாம். சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், வாசல்படி தாண்டுவதற்கு முன்னால் தங்கள் மேலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக்கொள்வார்களாம். அவருடைய அம்மா அதில் ரொம்பக் கண்டிப்பாம்.

எங்களிடமும் இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. நம் ஊரைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்த காலம் அது. கல்லூரியில் படித்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். எங்களுக்கு உப்பு இல்லை, தண்ணீர் என்றேன். சொந்தத்தில் ஒருவர் இறந்தார் என்று காதில் விழுந்தால் போதும், எத்தனை மைலுக்கு அப்பால் இருந்தாலும் உடனே தலைக்குக் குளிப்போம், உடுத்தியிருந்த துணியையும் நனைத்துவிடுவோம் என்றேன். அவர் ஆர்வமாகத் தலையாட்டினார். நான் உற்சாகமாகத் தொடர்ந்தேன். அந்த வீட்டுக்குப் போனால், திரும்பும்போது போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டோம், பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். குங்குமம் வாங்கிக்கொள்ள மாட்டோம். நல்ல காரியம் எதையும் அந்த வீட்டில்...

அங்கே நின்றுவிட்டேன். என் வாய் சொன்னதை என் காது கேட்டது.

செவ்வாய்க்கிழமைத் தலைக்குளியல். டப்பில் ஊறிய சட்டை. எண்ணெய்க் கை என்று குங்குமத்தைத் தொடாமல் போன ஆன்ட்டி. புதன், வியாழன், வெள்ளி, ஒரு நாள்கூட அவர் "வரேம்மா" என்று சொல்லவில்லை. அதுவரை கதவருகில் நின்று மூன்று தடவை "வரேம்மா" சொல்லி, கீழே காரிலிருந்தும் ஒரு தடவை கத்திவிட்டுப் போகிறவர். வாயால் எத்தனையோ பொய் சொன்னார்கள், தடுமாறாமல் சொன்னார்கள். சம்பிரதாயத்தை மட்டும் அவர்களால் மீற முடியவில்லை. எனக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே துக்கம் காத்திருக்கிறார்கள்.

நான் இடப்பக்கம் திரும்பினேன். கணவர் என் ஆங்கிலத்தை முழுக்கக் கேட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மிச்சம் இருந்த சந்தேகமும் போய்விட்டது.

"யாரு?" என்று கேட்டேன்.

"என்னது?"

"யாருன்னு கேக்கறேன். அண்ணனா, அம்மாவா?"

"ஷோ முடியட்டும்..."

அங்கிள் எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, தண்ணி குடி" என்று கோக் கப்பை நீட்டினார். ஆன்ட்டி அழ ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் கீழே இரண்டு பேர் மோதிய சத்தம் கேட்டது. கூட்டம் முழுக்க எழுந்து கத்தியது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கத்துப் பெண்மணிக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் அம்மாவுக்காக என்னிடம் முதலில் துக்கம் விசாரித்தது அவர்தான்.

வெளியே நடைபாதையில், பாப்கார்ன் மெஷினுக்குப் பக்கத்தில், கணவர் சொன்னார். அம்மாதான். செவ்வாய்க்கிழமை அண்ணன் இவர் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறான். வீட்டுக்குப் பண்ண வேண்டாம் என்று இவர்தான் முன்பே சொல்லிவைத்திருந்தாராம். எல்லாம் முடிந்துவிட்டது, எடுத்தாகிவிட்டது.

"முன்னாடியே சொல்லிவச்சீங்களா? அப்ப உடம்பு சரியில்லன்னு தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "மூணு வாரமா ஹாஸ்பிட்டல்ல இருந்தாங்க. கிட்னி. உனக்கு ஷாக் ஆயிடும்னு..."

"மூணு வாரம். அப்ப சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்ல? அப்ப பிளேன்ல ஏத்தியிருப்பாங்கல்ல?"

"டாக்டர் டிராவல் வேண்டாம்னு..."

"எந்த டாக்டர்? என் டாக்டரையா கேட்டீங்க? எப்ப கேட்டீங்க?"

கேட்கவில்லை. ஆன்ட்டியைக் கேட்டிருக்கிறார். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் சாவுச் சேதி சொல்லக் கூடாது, பிள்ளை பிறந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை அவள் காதில் விழாமல் இருந்தால் அவளுக்குத் தீட்டும் இல்லை என்று ஆன்ட்டி சொல்லியிருக்கிறார். அண்ணனும் அங்கிருந்து அதையே சொல்லியிருக்கிறான். பிறகு நான் கேட்காமலேயே, "கிரீன் கார்டு வேற பெண்டிங்ல இருக்கு. நடுவுல நீ வெளிய போனா திரும்பி வர்றது கஷ்டம்" என்றார். அதைச் சொன்னதற்காக அவர் அப்புறம் எத்தனையோ தடவை வருத்தப்பட்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நான் அழவில்லை. அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. உள்ளே அவ்வளவு பெரிய ஆட்கள் ஒருவரை ஒருவர் தள்ளி வீழ்த்திக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அப்படி யாரையாவது தள்ளி வீழ்த்தினால்தான் மூச்சு வரும் போல இருந்தது. பாப்கார்ன் மெஷின் பொரிந்துகொண்டே இருந்தது. வரிசையில் நின்ற ஒரு அமெரிக்கக் குடும்பம் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தது. கையில் இருந்த விசிறியை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். "இத நீங்களே வச்சுக்கோங்க" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஃப்ரீவேயில் ஆன்ட்டி பின்சீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் இழுத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெற்ற மகளுக்கு என்றாலும் அவர் அதையேதான் செய்திருப்பார். அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவரே தண்ணீர் பதமாகத் திறந்து, என்னை டப்பின் விளிம்பில் உட்காரவைத்துத் தலையில் ஊற்றினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆன்ட்டி என்னைக் கட்டிக்கொண்டு தானும் நனைந்தார். பிறகு ஈரத்தோடு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு போனார். அன்றைக்கு அவர் சொல்லாமல் போனது சரியாக இருந்தது.

கணவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்தார். நான் போனை எடுத்து டயல் செய்தேன். மூன்று வாரமாகக் கிடைக்காத லைன் முதல் தடவையிலேயே கிடைத்தது. அண்ணன்தான் எடுத்தான். என் குரலைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு யார் சொன்னது?"

அம்மா கஷ்டப்படவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றான். உன்னைப் பற்றிக் கவலையே படவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தாள் என்றான். அழுதுகொண்டே சொன்னான். மூன்று வாரமாக எல்லோரும் என்னிடம் பொய் சொல்லியிருந்தும், அந்த ஒன்றை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நிம்மதியாக இருந்தாள். பிரசவ வலியிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். பெண் பிறந்தாள். அம்மாவின் நெற்றி அப்படியே. கம்பளித் தொப்பியும் செருப்பும் அலமாரியிலேயே இருந்தன. எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கணவர் ஒரு தடவை சொன்னார். நான் பார்த்த பார்வையில் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிரீன் கார்டு வந்த பிறகு, அடுத்த வருடம், ஏழு மாதக் குழந்தையோடு சைதாப்பேட்டைக்குப் போனேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணிக்குச் சூது தெரியாது. எது மனதில் இருக்கிறதோ அதுதான் வாயில். நான் சும்மா, அம்மா கடைசியில் எந்த அறையில் படுத்திருந்தாள் என்று கேட்டேன்.

"ஹால்லதான். ஆஸ்பத்திரில இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க. அத்தைதான் ஹால்ல போடச் சொன்னாங்க, வாசல் தெரியும்னு."

"வாசல் எதுக்கு?"

அண்ணி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீ வர்றதப் பாக்கத்தான். உனக்குத் தெரியாதா? உன்னயே கேட்டுட்டு இருந்தாங்க. சாப்பிட மாட்டேன்னுட்டாங்க. உங்க அண்ணன்தான் ஞாயித்துக்கிழமை, கிளம்பிட்டாம்மா, பிளேன் ஏறிட்டான்னு சொன்னாரு. அதக் கேட்டப்புறம்தான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க. மறுநாள் மறுபடி கேட்டாங்க. பம்பாய் வந்துட்டா, மெட்ராஸ் பிளேனுக்காக வெயிட் பண்றான்னாரு."

குழந்தை என் மடியில் கீரைத்தண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பிடுங்கத் தோன்றவில்லை. அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். நான் அலமாரியில் செருப்பு வாங்கி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தேன். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேரையும் காக்கவைத்தவர்கள் எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

"அன்னிக்குச் சாயங்காலம் தலை வாரி விடச் சொன்னாங்க" என்றாள் அண்ணி. "புடவையும் மாத்தி விட்டேன். அப்புறம் சொன்னாங்க, அவ வயித்துப்பிள்ளைக்காரி, பிளேன்ல ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா, சூடா சோறு வடிச்சு வை, நான் அசந்துட்டேன்னா எழுப்பிடுன்னு. கொஞ்ச நேரத்துல அப்படியே கண்ண மூடுனாங்க. அவ்வளவுதான்."

சோறு வடித்தீர்களா என்று கேட்டேன்.

"வடிச்சேன்" என்றாள் அண்ணி. "நான் வடிக்கறதையே அவங்க பாத்துட்டிருந்தாங்களே."